கல்யாணமும் சாவும் ஒரே தெருவில் வந்த நாள்

போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு அரங்கத்தில் ஊதினேன். கூட வாசித்த இரண்டு பேரும் பெங்களூர்க்காரர்கள். ஒருவர் டிரம். இன்னொருவர் ஆள் உயரத்துக்கு ஒரு தந்தி வாத்தியம். நோட்டீசில் என் பெயருக்குக் கீழே 'ஃப்ரீ ஜாஸ், பல வாத்தியம், மூத்த கலைஞர்' என்று போட்டிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மூத்த என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கடைசியில் சனம் எழுந்து நின்று கைதட்டியது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கீழே இறங்கியதும் எங்கள் பேண்டு செட்டில் இப்போது ஊதுகிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, நீங்க ஊதுனதுல ஒரு பாட்டுமே இல்லையே. அப்பறம் எப்பிடிண்ணே இம்புட்டு நேரம் உக்காந்து கேட்டாங்க?"

"அவங்களக் கேளுப்பா."

"இத எங்கண்ணே படிச்சீங்க?"

"தெருவுல."

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தார்கள். மழை பெய்தால் வேலை. பெய்யாத ஒரு வருஷம் மதுரைக்கு வந்தேன். பேண்டு செட்டில் பெரிய டிரம் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். தூக்கினேன். அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பல வாத்தியம் எப்படி வந்தது என்றும் கேட்டார்கள். ஆசைப்பட்டு வரவில்லை. ஆள் வராததால் வந்தது. முகூர்த்த நாளில் எவனாவது ஒருவன் வரமாட்டான். யார் வரவில்லையோ அவன் வாத்தியத்தை மாஸ்டர் என் கையில் கொடுப்பார். டிரம்பெட்காரனுக்கே கல்யாணம் ஆனது, டிரம்பெட் வந்தது. யூபோனியக்காரர் மாஸ்டரிடம் கோபித்துக்கொண்டு வேறு செட்டுக்குப் போனார், யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் வந்தது. சாக்ஸபோன்காரர் மலேசியா போனார். போனவர் திரும்பவில்லை. சாக்ஸபோன் என்னிடமே தங்கிவிட்டது. கிளாரினெட் மட்டும் யாருக்கும் கிடையாது. அது மாஸ்டருடையது.

மாஸ்டர் பெயர் இபுராகிம். பழைய ஊருக்குள் வீடு. மெலிந்த ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஊர்வலம் கிளம்பும் முன் எங்களைத் தெருவில் வரிசையாக நிற்க வைப்பார். ஒவ்வொருவராக வந்து, "வாயத் தெற" என்பார். மூக்கைக் கிட்டே கொண்டுபோவார். சாராய வாடை வந்தால் திட்டமாட்டார். அவன் வாத்தியத்தை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடுவார். மூடியை மெதுவாகத்தான் மூடுவார். அது திட்டுவதைவிட மோசம்.

ஊர்வலத்தில் அவர் முன்னால் நடப்பார். ஆனால் பின்பக்கமாக நடப்பார். முகம் எங்களைப் பார்த்து இருக்கும், முதுகு போகிற வழியைப் பார்த்து இருக்கும். கிளாரினெட் வாயில் இருப்பதால் புருவத்தில்தான் சைகை. வலது புருவம் தூக்கினால் அடுத்த பாட்டு. இடது புருவம் தூக்கினால் அந்தப் பக்கம் எவனோ தப்பாக ஊதுகிறான். இரண்டையும் தூக்கினால் முடி. மதுரையில் எந்தத் தெருவில் எந்த இடத்தில் குழி என்று அவர் முதுகுக்குத் தெரியும். விழுந்து நான் பார்த்ததில்லை.

செட்டுக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் சில. மாப்பிள்ளை காரில் ஏறியதிலிருந்து மண்டபம் சேரும் வரை சத்தம் அறுந்துபோகக் கூடாது. பிணம் எடுத்ததிலிருந்து சுடுகாடு சேரும் வரையும் அதே மாதிரி. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. "கல்யாணத்துக்கு நாள் குறிப்பாங்க. சாவுக்குக் குறிக்க முடியுமா?" என்பார்.

இனி என் சங்கதி.

சாக்ஸபோனில் ரீடு என்று ஒரு நாணல் பட்டை உண்டு. கீழ் உதட்டில் அது படும். தெரியாமல் பல்லில் கடித்துவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும். எல்லோரும் அதைத் தப்பு என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தத் தப்பை வேண்டும்போது வரவழைக்க முடியுமா என்று பார்த்தேன். காலையில் வைகை மணலில் போய் நிற்பேன். பாலத்தில் ரயில் போகும். அதற்குப் பதில் ஊதுவேன். மாடு கத்தும். அதற்கும் ஊதுவேன். துணி துவைக்கிறவர் கல்லில் அடிப்பார். அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நுழைவேன். கீச்சுச் சத்தம் நான் கூப்பிட்டால் வர ஆரம்பித்தது. அதிலேயே மேலே, கீழே, கிழிசலாக, முனகலாக என்று பல வகை கிடைத்தது. பாட்டில் கிடைக்காத சந்தோஷம் அதில் இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இதை நாலு பேர் முன்னால் ஊத வேண்டும்.

உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் ஊதிப் பார்த்தேன். அன்று சந்தை நாள். பாட்டு முடிந்தது. மற்றவர்கள் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. மேலே போய் ஒரு கிழி கிழித்தேன். சந்தைக்கு வந்த மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடியது. பெண்ணின் அப்பா தலையில் கைவைத்தார்.

"மாப்பிள்ளைய வரவேற்கச் சொன்னா மாட்ட வெரட்டுறீகளேய்யா!"

மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள். பிறகு மாஸ்டர் என் பக்கம் வந்தார்.

"பாட்டு இருந்தா வாய்ல வையி. இல்லேன்னா கீழ வையி. இன்னொரு வாட்டி இப்பிடி ஊதுனேன்னா, ஊருக்கு பஸ் ஏறிரு."

"சரி மாஸ்டர்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு மணலில் மட்டும் ஊதினேன்.

அடுத்தது அந்தத் தெரு.

ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள். சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தோம். காலையில் அதே பக்கத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆள் வந்தது. மாஸ்டர் இல்லை என்று சொல்லவில்லை. செட்டை இரண்டாகப் பிரித்தார். நல்ல ஆட்களை அவர் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டார். சாவுக்கு என்னைத் தலைமையாக அனுப்பினார். என் கையில் சாக்ஸபோன், தோளில் டிரம்பெட். பெரிய டிரம்முக்குச் சோணை. நாங்கள் இருவரும் ஒரே வருஷம் செட்டில் சேர்ந்தவர்கள்.

"மாப்ள, ரெண்டுக்கும் இந்தச் செவப்புக் கோட்டுத்தானா?" என்றான் சோணை.

"வேற கோட்டு ஏதுடா?"

"அதுவுஞ் சரிதான். செத்தவரு வந்து கேக்கவா போறாரு."

மத்தியானம் பிணம் எடுத்துவிடுவார்கள், பொழுது சாயத்தான் மாப்பிள்ளை கிளம்புவார் என்பது கணக்கு. ஆனால் செத்தவரின் மகன் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. பஸ் தாமதம். பிணம் காத்துக் கிடந்தது. அங்கே மாப்பிள்ளை வீட்டார் ராகு காலம் வருமுன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். இது தள்ளிப் போனது, அது முந்திக்கொண்டது. கையில் போன் இல்லாத காலம். எங்களுக்கு அவர்கள் சேதி தெரியாது. அவர்களுக்கு எங்கள் சேதி தெரியாது.

ஆற்றுப் பக்கம் போகிற தெரு. நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் அரிசி ஆலைச் சுவர், மறுபக்கம் சாக்கடை. நாங்கள் ஒப்பாரிப் பாட்டு ஒன்றை மெதுவாக ஊதிக்கொண்டு போனோம். பின்னால் பூத்தேரில் பிணம். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து கல்யாணப் பாட்டு கேட்டது. வேறு தெரு என்று நினைத்தேன்.

வளைவில் முதலில் ஒரு முதுகு வந்தது.

"மாப்ள, அது நம்ம மாஸ்டரு முதுகுடா" என்றான் சோணை.

மாஸ்டர் பின்பக்கமாகவே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஊதிக்கொண்டே கண்ணால் காட்டினார்கள். அவருக்குக் கண் தேவைப்படவில்லை. ஒப்பாரி காதில் விழுந்ததும் திரும்பினார். இத்தனை வருஷத்தில் ஊர்வலத்தில் அவர் திரும்பி நின்றது அன்றுதான்.

இரண்டு பக்கமும் நின்றது. இரண்டு பாட்டும் நிற்கவில்லை. அழுகைக்குள் சிரிப்பைக் கொட்டியது போல இருந்தது.

கல்யாணக் கூட்டத்தில் ஒருவன் எங்கள் கோட்டைப் பார்த்தான். "அடப்பாவிகளா! அங்கிட்டும் நீங்க, இங்கிட்டும் நீங்களா?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் ஓடி வந்தார். "ஏய், அந்த ஒப்பாரிய நிப்பாட்டுங்கய்யா! மாப்பிள்ளை கார்ல உக்காந்திருக்காரு!"

செத்தவரின் மகன் பூத்தேர் பக்கத்திலிருந்து வந்தார். பஸ்ஸில் வந்த சட்டையைக்கூட அவர் மாற்றவில்லை. "எங்கப்பாவ எடுத்தாச்சு. மேளம் நிக்காது. ஒங்க பாட்ட நிப்பாட்டுங்க."

"மாப்பிள்ளைக்கு முன்னாடி சத்தம் அத்துப்போனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப எங்கப்பன் காதுல கல்யாணப் பாட்ட ஊதுவீகளோ?"

"காரப் பின்னாடி எடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

"மாப்பிள்ளை காரு பின்னாடி போகாது. தேரப் பின்னாடி எடு."

"எடுத்த பொணத்தத் திருப்பச் சொல்றியா நீ?"

ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். எதிரே இன்னொருவரும் மடித்துக் கட்டினார். எங்கள் பக்கம் சிதைக்குப் போடப் பிடி விறகோடு நடந்துவந்தவர்கள் விறகைக் கை மாற்றிப் பிடித்தார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். தேரும் காரும் உரசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போய்விடலாம். சாக்கடைமேல் கல் பாவியிருந்தது. ஆனால் அதுவரை என்ன ஊதுவது? கல்யாணப் பாட்டு ஊதினால் இந்த வீட்டுக்கு ஆகாது. ஒப்பாரி ஊதினால் அந்த வீட்டுக்கு ஆகாது. சும்மா இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது.

மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். எந்தப் புருவமும் அசையவில்லை. அவரிடம் அதற்குச் சைகை இல்லை.

நான் பாட்டை விட்டேன்.

சாக்ஸபோனில் அடியில் கிடக்கிற சத்தத்தை எடுத்தேன். நீளமாகப் பிடித்தேன். மூச்சு தீரும் இடத்தில் ரீடைக் கடித்தேன். சத்தம் இரண்டாகப் பிளந்தது. பிளந்ததை மேலே கொண்டுபோனேன். சோணை தாளத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தோல்மேல் கோலை உருட்ட ஆரம்பித்தான். தூரத்து இடி மாதிரி இருந்தது. மாஸ்டர் கிளாரினெட்டைக் கீழே இறக்கினார். கல்யாணப் பாட்டு நின்றது. அவர் பக்கத்து டிரம்காரரும் சோணையைப் பார்த்து உருட்டினார். ஆக இரண்டு பக்கமும் சத்தம் இருந்தது. எந்தப் பக்கமும் பாட்டு இல்லை.

டிரம்பெட்டை எடுத்தேன். வால்வைப் பாதி அழுத்தினால் சத்தம் வழுக்கும். வழுக்க விட்டேன். மறுபடி சாக்ஸபோன். பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு லாரிக்காரன் பொறுமை போய் ஆரன் அடித்தான். அந்த ஆரனுக்கும் பதில் சொன்னேன். அவன் திரும்ப அடித்தான். நான் திரும்பச் சொன்னேன். அதன் பிறகு அவன் கேட்க ஆரம்பித்துவிட்டான் போல, அடிக்கவில்லை.

மடித்துக் கட்டிய வேட்டிகள் இறங்கியதை நான் பார்த்தேன்.

தேர் சுவரை உரசிக்கொண்டு நகர்ந்தது. கார் சாக்கடைக் கல்மேல் ஏறியது. இரண்டும் பக்கத்தில் வந்தபோது மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். தேரைப் பார்த்துக் கும்பிட்டார். செத்தவரின் மகன் அவரைப் பார்த்தார். அவரும் கும்பிட்டார். நான் அங்கே சத்தத்தைக் கீழே கொண்டுவந்து, வெறும் மூச்சு மட்டும் குழாய்க்குள் போகிற மாதிரி ஊதினேன்.

தாய்மாமன் என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்க நான் வாயை எடுத்ததும் கேட்டார்.

"என்னய்யா பாட்டு அது?"

"பாட்டு இல்லங்க."

"கல்யாணப் பாட்டா, சாவுப் பாட்டா?"

"ரெண்டும் இல்லங்க."

யோசித்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு காருக்குப் பின்னால் ஓடினார்.

தேர் கடந்ததும் நான் ஒப்பாரிக்கு வந்தேன். மாஸ்டர் தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பி வலது புருவத்தைத் தூக்கினார். பின்பக்கமாக நடந்து போனார்.

சுடுகாட்டிலிருந்து செட்டு அறைக்குத் திரும்பும்போது சோணை கேட்டான். "மாப்ள, மாஸ்டரு பஸ் ஏறச் சொல்லிருவாரோ?"

"சொல்லுவாரு."

"நானும் வாரேன். அந்த உருட்டு உருட்டுனவன் நானுந்தான?"

மாஸ்டர் எங்களுக்குப் பிறகுதான் வந்தார். கிளாரினெட்டைக் கழற்றித் துண்டு துண்டாகத் துடைத்தார். கடைசித் துண்டைத் துடைத்து முடித்ததும் கேட்டார்.

"அது என்னடா?"

"தெரியல மாஸ்டர்."

"திரும்ப ஊது."

"அதே மாதிரி வராது மாஸ்டர். வேற மாதிரி வரும்."

"அப்ப அது பாட்டு இல்ல. அந்தத் தாய்மாமன்கிட்ட நெசமாத்தான் சொல்லியிருக்க." கிளாரினெட் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கினார். "ரெண்டு வீட்டுக்காரனும் அடிச்சுக்கிட்டு நின்னிருப்பான். நிப்பாட்டிட்ட. அது தெருவுல மாட்டிக்கிட்டு நின்ன சனம். கேக்கணும்னு வந்து நிக்கிற சனம் கேக்குமா?"

"தெரியல மாஸ்டர்."

"சோழவந்தான் திருவிழா வருது. அங்க ஊதிப் பாரு. சனம் கலைஞ்சு போச்சுன்னா இதோட விட்டுரணும். மணல்லயும் ஊதக் கூடாது. நின்னு கேட்டுச்சுன்னா நீ ஊது. ஏன்னு நான் கேக்கமாட்டேன்."

சோழவந்தானைச் சொல்லும் முன், அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். எல்லா ஊர்வலத்திலும் எனக்கென்று ஒரு நேரம் வந்தது. சனம் அதைக் கேட்டு வாங்கியது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து பதிவு பண்ணிக்கொண்டு போனார். மேடைக்குக் கூப்பிட்டார்கள். கப்பல் ஏறவில்லை, விமானம் ஏறினேன். ஒரு ஊரில் பனியில் நின்று டிரம்பெட் ஊதினேன். வால்வு உறைந்துவிட்டது. உறைந்த வால்வோடு ஊதினேன். அதற்கும் கைதட்டினார்கள். ஃப்ரீ ஜாஸ் என்ற பெயர் அப்போதுதான் வந்தது. ஒரு தம்பி என் காதில் ஹெட்போனை மாட்டி ஒரு அமெரிக்காக்காரர் ஊதியதைக் கேட்க வைத்தார். அவரும் ரீடைக் கடித்துக்கொண்டிருந்தார். "இவரும் தெருவுல மாட்டுனவரா தம்பி?" என்று கேட்டேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஊர்வலத்தில் நடப்பதை விட்டேன். உட்கார்ந்து ஊதுகிறேன்.

சோழவந்தானில் அன்று இதெல்லாம் இல்லை. ஜெயித்தால் ஊதலாம், தோற்றால் மணலும் கிடையாது. அதுதான் இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரம். சாமி ஆற்றங்கரைப் பந்தலில் இறங்கியிருந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்தவர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். நல்ல கூட்டம். மாஸ்டர் நாலு பாட்டு வாசித்தார். நாலுக்கும் விசில். பிறகு இரண்டு புருவத்தையும் தூக்கி முடித்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிளாரினெட்டைப் பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆரம்பித்தேன். கூட்டம் அமைதியானது. நல்ல அமைதி இல்லை. ஏதோ கெட்டுப்போச்சு என்று நினைக்கிற அமைதி.

"அண்ணே, வாத்தியம் ரிப்பேரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு.

"ரிப்பேரு ஒங்காதுலடா மாப்ள!" என்றான் சோணை.

இன்னும் பெரிய சிரிப்பு. "பாட்டப் போடுங்கய்யா! நேரமாச்சுல்ல" என்று இன்னொருவர். ஓரத்தில் நின்ற ஒரு குடும்பம் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பியது. பிறகு இன்னொரு குடும்பம். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. போகிறவர்களைப் பார்த்தார்.

நான் ஊதிக்கொண்டே இருந்தேன். பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. திரும்பவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மா போகிறவர்களைப் பார்த்துக் குலவை போட்டார். கேலிக்குத்தான் போட்டார். நான் அதை அப்படியே சாக்ஸபோனில் திருப்பிக் கொடுத்தேன். நாக்கை உருட்டி, ரீடைக் கடித்து, அவர் போட்டதைவிடக் கொஞ்சம் நீளமாக.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள், "விடாத, திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்றார்கள். அவர் போட்டார். நான் கொடுத்தேன். நாலைந்து பெண்கள் சேர்ந்து போட்டார்கள். நான் டிரம்பெட்டையும் எடுத்தேன். ஒன்று மாற்றி ஒன்று. சோணை கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையால் தோலைத் தேய்த்தான். ரிப்பேரா என்று கேட்டவன் விசிலடித்தான். அவனுக்கும் பதில் கொடுத்தேன். துண்டை உதறிப் போனவர்கள் பாதை முனையில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்தார்கள். கூட்டம் முன்னால் நெருங்கியது. யாரும் பாட்டு கேட்கவில்லை. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

அப்போது என் இடது பக்கம் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது.

கிளாரினெட். மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். வாழ்நாளில் ஒரு தப்புச் சத்தம் ஊதாதவர். ரீடைக் கடித்தார். மறுபடி கடித்தார். முகம் சிவந்துபோயிருந்தது. நான் கீழே போனால் அவர் மேலே போனார். நான் மேலே வந்தால் அவர் என்னை இடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கத்தியது. அவர் புருவம் இரண்டும் எங்கோ மேலே ஏறி நின்றன. அது சைகை இல்லை என்று சோணைக்கும் தெரிந்தது. யாரும் முடிக்கவில்லை.

மூச்சு வாங்க வாயை எடுத்தவர் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"டேய், இத எப்பிடிடா முடிக்கிறது?"

"முடிக்க வேணாம் மாஸ்டர்" என்றேன்.

அவர் கிளாரினெட்டை மறுபடி வாயில் வைத்தார்.